தையல் மெசினுக்குக் கால் அங்குலப் பாதம்: எட்டு மாதம் தைத்துப் பார்த்த பிறகு

கனடாவில் இருக்கும் மச்சாளின் மூத்த மகள் படிப்புக்காக விடுதிக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், அவளுடைய கட்டிலுக்கு ஒரு துண்டுத்துணிப் போர்வை தைத்து அனுப்புகிறேன் என்று நானாகவே சொன்னேன். அறுபது அங்குல அகலம், எழுபது அங்குல நீளம். ஐந்தரை அங்குலச் சதுரங்கள் 168 வெட்டினேன். தைத்து முடிந்ததும் ஒவ்வொரு சதுரமும் ஐந்து அங்குலமாக நிற்கவேண்டும் என்பது கணக்கு. வரிசைக்குப் பன்னிரண்டு சதுரம், மொத்தம் பதினான்கு வரிசை. ஏழு வரிசையை நான் தைத்தேன், ஏழு வரிசையை என் பெறாமகள் தைத்தாள்.

வரிசைகளைக் கூடத்துப் பாயில் ஒன்றன் கீழ் ஒன்றாக விரித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துப் போனது. என்னுடைய வரிசைகள் ஐம்பத்தொன்பது அங்குலத்துக்குச் சற்று மேலே நின்றன. அவளுடையவை அறுபத்திரண்டை எட்டிப்பார்த்தன. இரண்டேமுக்கால் அங்குல வித்தியாசம். இடப்பக்கத்தைச் சேர்த்துப் பிடித்தால் வலப்பக்கம் படிக்கட்டுப் போல நின்றது. சதுரங்கள் சேரும் ஒரு சந்தியாவது இன்னொரு சந்திக்கு நேரே வரவில்லை.

இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன். பள்ளிக்கூடம் தொடங்கும் காலத்தில் கிளிநொச்சிப் பக்கத்துத் தருமபுரத்திலும் விசுவமடுவிலும் எத்தனையோ பிள்ளைகள் நான் தைத்த வெள்ளைச் சட்டையோடுதான் போவார்கள். அளவு பிழைத்துவிட்டது என்று ஒருவரும் உடுப்பைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. ஆனால் உடுப்புக்குத் தைக்கும் கை வேறு, போர்வைக்குத் தைக்கும் கை வேறு. உடுப்பில் நாங்கள் தையலுக்கு அரை அங்குலமோ ஓர் அங்குலமோ தாராளமாக விடுகிறோம். பிள்ளை வளர்ந்தால் பிரித்து விடலாம் என்பதற்காகத்தான் அது. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் உடம்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். துண்டுத்துணிப் போர்வையிலோ தையலுக்கு விடுவது வெறும் கால் அங்குலம். அதில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினால், தையலின் இரண்டு பக்கத்திலும் அந்தப் பங்கு குறைகிறது. ஒரு வரிசையில் பதினொரு தையல் இருக்கிறது. நான் பதினாறில் ஒரு பங்கு கூட்டித் தைத்திருக்கிறேன், பெறாமகள் அதே பங்கு குறைத்துத் தைத்திருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. அவளைக் கடிந்துகொள்ளவும் முடியவில்லை, என்னைக் கடிந்துகொள்ளவும் முடியவில்லை.

மச்சாளிடம் தொலைபேசியில் சொன்னேன். "அதற்கென்று தனியாகக் கால் அங்குலப் பாதம் இருக்கிறது, மச்சாள். இங்கே போர்வை தைக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பூட்டுகிறார்கள்" என்றார். மெசினில் துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. இது அதே வேலையைச் செய்யும் இன்னொரு பாதம். ஊசி இறங்கும் துளையிலிருந்து பாதத்தின் வலது ஓரம் வரை கால் அங்குலம் வரும்படி செய்திருக்கிறார்கள். சிலவற்றில் அந்த வலது ஓரத்தில் கீழ்நோக்கி ஒரு சிறிய தகடும் இருக்கும். துணியின் விளிம்பு அந்தத் தகட்டில் முட்டிக்கொண்டு போனால் தையல் விலகாது. நான் வாங்கியது தகடு வைத்தது. எட்டு மாதம் அதில் தைத்துவிட்டேன். இதைப்பற்றி எங்கள் பக்கத்தில் தைக்கிற பெண்கள் பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வாங்கிய கதையை முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் நான் காசை இழந்தேன். கிளிநொச்சியில் நான் கேட்ட கடைகளில் ஊசி, பொபின், பெல்ட், எண்ணெய் எல்லாம் இருந்தன. இந்தப் பாதம் இல்லை. கொழும்பில் ஒரு கடைக்குத் தொலைபேசியில் சொல்லி வரவழைத்தேன். வந்த பாதத்தை மெசினில் வைத்துப் பார்த்தால் அதன் கழுத்து நீளம். பாதம் தாங்கும் தண்டை முழுக்க இறக்குவதற்கு முன்பே பாதம் ஊசித்தட்டில் முட்டிக்கொண்டு நின்றது. மெசின்களில் கட்டைக் கழுத்து, நெட்டைக் கழுத்து என்று இரண்டு வகை இருக்கின்றன என்பதை அப்போதுதான் அறிந்தேன். வீட்டில் வைத்துத் தைக்கும் மெசின்களில் பெரும்பாலானவை கட்டைக் கழுத்து. பாதத்தை இறக்கி வைத்து, அதைப் பிடிக்கும் திருகாணியின் நடுவிலிருந்து ஊசித்தட்டு வரை அளந்தால் முக்கால் அங்குலமளவில் இருக்கும். அதைவிட நன்றாகக் கூடினால் நெட்டைக் கழுத்து. நான் என் மெசினின் பெயரைச் சொல்லித்தான் கேட்டேன். அப்படியும் பிழையானதை அனுப்பிவிட்டு, பொதியைப் பிரித்துவிட்டீர்கள், இனித் திருப்பி எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பொதியைப் பிரிக்காமல் பூட்டிப் பார்ப்பது எப்படி என்று கேட்டேன். அதற்கு விடை கிடைக்கவில்லை. 650 ரூபாவும் அனுப்புகூலியும் போய்விட்டன. வாங்க நினைக்கிறவர்கள் முதலில் அந்த முக்கால் அங்குலத்தை அளந்து, அளவைச் சொல்லிக் கேளுங்கள். மெசினின் பெயரை மட்டும் சொன்னால் போதாது.

இரண்டாவதை வவுனியாவில் நேரில் போய் வாங்கினேன். என் பழைய பாதத்தைக் கழற்றிக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரத் தம்பி இரண்டையும் முதுகோடு முதுகு வைத்துப் பார்த்து, "இது பொருந்தும், அக்கா" என்றார். 700 ரூபா. பொதியில் செய்தவர்களின் பெயர் எதுவும் இல்லை.

என் மெசின் சிங்கர் கறுப்பு மெசின், கால்மிதி. அம்மாவுடையது. 2009 தொடக்கத்தில் போருக்குள் நாங்கள் வீட்டை விட்டுப் போனபோது, மெசினின் தலையை மட்டும் கழற்றி, எண்ணெயில் ஊறவைத்த சாரத்தால் சுற்றி, யூரியாப் பைக்குள் வைத்து, கிணற்றடித் தென்னைக்குப் பக்கத்தில் அம்மா புதைத்தார். 2010இல் திரும்பி வந்து தோண்டி எடுத்தோம். கால்மிதியும் மேசையும் இருக்கவில்லை. தலை இருந்தது. வெளியே தங்க நிறப் பூவேலை உரிந்துபோயிருந்தாலும் உள்ளே எல்லாம் ஓடின. பாதத்தைப் பிடிக்கும் திருகாணியின் புரி மட்டும் துருவில் அரித்துத் தேய்ந்துவிட்டது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய மெசின்கள் பலவற்றில் அந்தப் புரி தேய்ந்துதான் இருக்கும். கையால் மட்டும் இறுக்கினால் அரை மணி நேரத்துக்குள் பாதம் தளர்ந்து, ஒரு பக்கமாக மிக மெல்லத் திரும்பிவிடும். உடுப்புத் தைக்கும்போது அது தெரியவே தெரியாது. கால் அங்குலப் பாதம் திரும்பினால் தகடும் அதோடு திரும்பும், அளவு போய்விடும். பாதத்தை நேராகப் பிடித்துக்கொண்டு திருப்புளியால் இறுக்கவேண்டும். நான் ஒவ்வொரு நாளும் தைக்கத் தொடங்குமுன் ஒரு கால் சுற்று இறுக்கிப் பார்க்கிறேன்.

பாதத்தின் வேலைப்பாடு நல்லது. உள்ளங்கால் பளபளப்பாக இருக்கிறது, துணி வழுக்கிக்கொண்டு போகிறது. ஊசிக்கு முன்னாலும் பின்னாலும் கால் அங்குலத்தில் சிறு வெட்டுக்கோடு போட்டிருக்கிறார்கள். மூலையில் திரும்பும்போது எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அந்தக் கோடு காட்டிவிடும். தகட்டின் கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு பிசிறு இருந்தது. முதல் நாளே மெல்லிய வெள்ளைத் துணியில் நூலை இழுத்துவிட்டது. நகம் தேய்க்கும் சிறு அரத்தால் நாலு தேய்ப்புத் தேய்த்தேன், சரியாகிவிட்டது. விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

இனி அளவுக்கு வருகிறேன். கால் அங்குலப் பாதம் என்று பெயர் இருந்துவிட்டால் கால் அங்குலம் வந்துவிடும் என்று நம்பக்கூடாது. நம்பினால் இன்னொரு போர்வையும் வீணாகும். சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டுங்கள், நீளம் ஒரு சாண் போதும். மூன்றையும் நீளவாக்கில் தைத்துச் சேர்த்து, இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். நடுப்பட்டி சரியாக ஓர் அங்குலம் இருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்து மூன்றரை அங்குலம் இருக்கவேண்டும். நடுப்பட்டியை அளப்பதுதான் முக்கியம், ஏனென்றால் அதன் இரண்டு பக்கத்திலும் தையல் இருக்கிறது, பிழை இரண்டு மடங்காகத் தெரியும்.

நான் மில்லிமீற்றரில் அளந்தேன். ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீற்றர். எஃகு அடிமட்டத்தில் 25ஆம் கோட்டைத் தாண்டி அரைக் கோட்டுக்குச் சற்றுக் குறைவாக நிற்கவேண்டும். பழைய பாதத்தில், என் கைப்பழக்கத்தில் தைத்த பட்டி 22 காட்டியது. பெறாமகள் தைத்தது 28ஐத் தாண்டியது. புதிய பாதத்தைப் பூட்டி, துணி விளிம்பைத் தகட்டில் ஒட்டிக்கொண்டே போகவிட்டுத் தைத்தேன். 24.5. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தைக்கச் சொன்னேன். அவளுக்கும் 24.5. "சித்தி, இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்திருக்கிறது!" என்று கையைத் தட்டினாள். அந்த இடத்திலேயே பாதம் தன் 700 ரூபாவைத் திருப்பித் தந்துவிட்டது என்று சொல்வேன். இரண்டு கை தைத்து ஒரே அளவு வருவது சின்ன விஷயம் இல்லை. வரிசைகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால், முழுப் போர்வை கொஞ்சம் சிறுத்தாலும் சந்திகள் பொருந்திவிடும்.

ஆனாலும் 24.5 என்பது 25.4 இல்லை. பாதம் பிழையா என்று ஊசித்துளையிலிருந்து தகடு வரை அளந்து பார்த்தேன். கால் அங்குலம் சரியாகவே இருந்தது. பிறகு ஏன் குறைகிறது? பட்டியை வெளிச்சத்தில் பிடித்து, தையலை இரண்டு பெருவிரலாலும் விரித்துப் பார்த்தேன். துணி தையலில் மடங்கித் திரும்புகிறதே, அந்தத் திருப்பத்துக்குள் ஒரு சிறு அளவு துணி ஒளிந்துகொள்கிறது. துணியின் தடிப்பும் தையல் நூலின் தடிப்பும் சேர்ந்து அதை விழுங்குகின்றன. அதனால் கால் அங்குலத்துக்கு ஒரு நூல், இரண்டு நூல் குறைவாகத்தான் தைக்கவேண்டும். தச்சர் சொல்லும் நூல் இல்லை, துணியின் இழையைச் சொல்கிறேன். தையல் நின்ற இடத்தை அளந்தால் போதாது, மடித்து அழுத்திய பின் துண்டு என்ன அளவில் நிற்கிறது என்பதை அளக்கவேண்டும். மச்சாளுக்கு இது தெரியும். அங்கே போர்வை தைக்கிறவர்கள் "குறைந்த கால் அங்குலம்" என்று இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்களாம். பொதியில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

மின் மெசின்களில் ஊசியை இடமும் வலமும் நகர்த்த முடியும். ஒரு படி வலப்பக்கம் நகர்த்தினால் ஊசி தகட்டுக்குக் கிட்ட வரும், வேலை முடிந்தது. நகர்த்திய பிறகு மெசினை ஓடவிடுமுன் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஊசி பாதத்தில் முட்டாமல் துளைக்குள் இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். துளை சிறிதாக உள்ள பாதத்தில் ஊசி நகரவே இடம் இருக்காது. அதேபோல, இந்தப் பாதத்தைப் பூட்டியபடி வளைந்து வளைந்து ஓடும் தையலுக்கு மாற்றக்கூடாது. பெறாமகள் தன் புதிய மின் மெசினில் மறந்து மாற்றிவிட்டாள். ஊசி பாதத்தில் குத்தி உடைந்து, நுனி அவளுடைய கண்ணுக்குப் பக்கத்தால் பறந்தது. நல்லகாலம், ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் கறுப்பு மெசினில் ஊசி அசையாது, நேர்த்தையல் மட்டும்தான். ஊசியைத் தகட்டிடம் கொண்டுபோக முடியாவிட்டால் தகட்டைத்தான் ஊசியிடம் கொண்டுவரவேண்டும். மின்கம்பி சுற்றும் கறுப்பு ஒட்டுநாடாவில், தகட்டின் உயரத்துக்கு ஒரு சிறு துண்டு வெட்டி, தகட்டின் உட்பக்கத்தில் ஒட்டினேன். சோதனைப் பட்டி தைத்தேன், கொஞ்சம் ஏறியது. இரண்டாவது துண்டை அதன்மேல் ஒட்டினேன். மூன்றாவது துண்டோடு நடுப்பட்டி 25ஐத் தாண்டி, அரைக் கோட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நின்றது. அந்தப் பட்டி இப்போதும் மெசின் லாச்சிக்குள் இருக்கிறது. நீலம், வெள்ளை, நீலம்.

இந்த நாடா வேலைக்கு ஒரு குறை உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே நாடாவின் பசை இளகி வெளியே கசிகிறது. வெள்ளைத் துணியின் விளிம்பில் கறுப்பாக ஒட்டுகிறது. விளிம்பு உள்ளே போய்விடுவதால் வெளியே தெரியாது என்றாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த இரண்டு மாதமும் காலையில் பத்து மணிக்குள் தைத்து முடித்துவிடுகிறேன். துணி உரசி உரசி நாடாவும் தேய்கிறது. மாதம் ஒருமுறை மாற்றவேண்டும், மாற்றிய ஒவ்வொரு முறையும் மூன்று பட்டி தைத்துச் சோதிக்கவேண்டும்.

தைக்கும்போது தெரிந்த சில சங்கதிகள். தகடு இருப்பதால் வேகம் கூடுகிறது. கண் விளிம்பிலேயே நிற்கத் தேவையில்லை, துணியைத் தகட்டில் மெல்லச் சாய்த்துவிட்டு மிதித்துக்கொண்டே போகலாம். சாய்க்கவேண்டும், நெருக்கக்கூடாது. நெருக்கினால் விளிம்பு தகட்டில் சுருண்டு ஏறும், தையல் அகன்றுவிடும். பெறாமகளுக்கு இது பழக இரண்டு நாள் எடுத்தது. துணி முடியும் கடைசி அரை அங்குலம்தான் எல்லோரையும் ஏமாற்றும் இடம். நுனி தகட்டின் பிடியை விட்டதும் வாலை ஆட்டும், தையல் வெளியே ஓடும். விரலால் அங்கே பிடிக்க முடியாது, ஊசி விரலுக்கு வந்துவிடும். நான் ஓர் ஈர்க்கை நறுக்கி வைத்திருக்கிறேன். துணியின் கடைசி மூலையை அந்த ஈர்க்கு நுனியால் அழுத்திப் பிடித்து, ஊசி வரை கூட்டிக்கொண்டு போகிறேன். தென்னை ஈர்க்கு வளைகிறது. பனை ஈர்க்கு விறைப்பாக நிற்கிறது, பனைதான் நல்லது.

தொடக்கத்திலும் ஒரு கவனம் வேண்டும். துணியின் முதல் மூலையை மெசின் துளைக்குள் இழுத்து விழுங்கப் பார்க்கும். ஒரு கழிவுத் துண்டில் நாலு தையல் போட்டுவிட்டு, நூலை அறுக்காமல் உடனே சதுரத்தை நுழைத்தால் விழுங்காது. அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக, நூலை அறுக்காமல் நூறு சோடி தைக்கலாம். பூமாலை போல மெசினுக்குப் பின்னால் தொங்கும்.

இந்தப் பாதத்தால் முடியாத வேலைகளும் இருக்கின்றன. குண்டூசி குத்திய துணியை இதில் ஓட்ட முடியாது, ஊசித்தலை தகட்டில் மாட்டிக்கொள்ளும். முன்கூட்டியே எடுத்துவிடவேண்டும். சதுரத்தைக் குறுக்கே கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கத்திலும் தைத்து, பிறகு வெட்டி முக்கோணமாக்கும் வேலைக்கு இது சரிவராது. அங்கே தையல் துணியின் நடுவில் ஓடுவதால், தகடு துணியின் மேல் ஏறி நின்று இழுக்கும். வளைவுகளுக்கும் உதவாது. அந்த வேலைகளுக்குத் தகடு இல்லாத கால் அங்குலப் பாதம் வாங்கலாம். அல்லது பழைய பாதத்தையே பூட்டி, பென்சில் கோட்டில் தைக்கலாம். பழைய பாதத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

பாதமே வாங்காமல் சமாளிக்க முடியாதா என்று சிலர் கேட்டார்கள். முடியும். கறுப்பு மெசினின் மேற்தளத்தில் ஊசிக்கு வலப்பக்கம் திருகாணித் துளைகள் இருக்கின்றன. அதில் பூட்டுகிற இரும்புத் தடுப்பு ஒன்று அந்தக் காலத்திலேயே மெசினோடு வந்தது. நீண்ட துளை வைத்தது. முன்னே பின்னே நகர்த்தி எந்த அளவுக்கும் நிறுத்தலாம். அம்மாவிடம் இருந்தது, மேசை லாச்சியோடு போய்விட்டது. உங்கள் லாச்சியில் அது கிடந்தால் பாதத்துக்குக் காசு செலவழிக்கவேண்டாம். நூலிழை அளவுக்கு அதைச் சரிசெய்யலாம், நாடா ஒட்டும் வேலையும் இல்லை. என்னைக் கேட்டால் கறுப்பு மெசினுக்கு அது இந்தப் பாதத்தை விடவும் நல்லது. அதுவும் இல்லையென்றால், பழைய விசிட்டிங் கார்டுகள் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஊசியிலிருந்து கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தளத்தில் ஒட்டிவிட்டால் அதுவே தடுப்பு. வவுனியாவில் பாதம் வாங்கும்வரை நான் அப்படித்தான் தைத்தேன். ஆனால் பொபின் மாற்றும் ஒவ்வொரு முறையும் அட்டை தடங்கலாக இருக்கும்.

வெட்டுவது பிழைத்தால் எந்தப் பாதமும் காப்பாற்றாது. என்னிடம் சக்கரக் கத்தி இல்லை, அட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டுகிறேன். பென்சில் கோட்டுக்கும் தடிப்பு இருக்கிறது. கோட்டை வெட்டி எறியும்படி உட்பக்கமாக வெட்டவேண்டும். அட்டை அச்சின் ஓரம் இருபது முப்பது முறை பென்சில் பட்டால் தேய்ந்து சிறுத்துவிடும், மாற்றவேண்டும். அளப்பதற்கு ஒரே ஓர் அடிமட்டத்தைத்தான் பாவிக்கவேண்டும். என் கழுத்தில் தொங்கும் அளவு நாடா, எஃகு அடிமட்டத்தோடு ஒப்பிட்டால் ஓரடிக்குள்ளேயே ஒரு கோடு நீண்டுவிட்டிருந்தது. இத்தனை வருடம் இழுபட்டிருக்கிறது, பாவம்.

அதற்கு முன்னால் கஞ்சி. பருத்தித் துணியை முதலில் நனைத்து உலர்த்துங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடட்டும். பிறகு வடித்த சோற்றுக் கஞ்சியை நீர்க்கக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அதில் தோய்த்து நிழலில் காயவிட்டு, அரை ஈரத்தில் இஸ்திரிப்பெட்டியால் மினுக்குங்கள். துணி கடதாசி போல நிற்கும். கத்தரிக்கோலுக்குக் கீழே நழுவாது, தகட்டில் முட்டினால் சுருளாது. கஞ்சி போட்ட துணியிலும் போடாத துணியிலும் அதே பாதத்தில் தைத்துப் பார்த்தேன். கஞ்சி போடாத சந்தைத் துணியில் பட்டிக்குப் பட்டி அரை மில்லிமீற்றர் மாறியது. கஞ்சி போட்டதில் மாறவில்லை. தைத்து முடிந்ததும் அலசிவிடவேண்டும், இல்லாவிட்டால் கரப்பான் பூச்சி தேடி வரும்.

நூல் மெல்லியதாக இருக்கட்டும். நான் உடுப்புக்குப் பாவிக்கும் தடித்த நூலை விட்டுவிட்டு மெல்லிய பருத்தி நூலுக்கும் 14ஆம் இலக்க ஊசியிலிருந்து 11க்கும் மாறினேன். இஸ்திரிப்பெட்டியைத் துணியில் இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்கவேண்டும், இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். பொதுவாகத் தையல் விளிம்பைக் கடும்நிறத் துணியின் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். வரிசைகளிலோ ஒன்றில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமுமாகச் சாய்த்தால், வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு சந்திகளும் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொள்ளும். விரல் நுனியில் அந்தப் பூட்டு தெரியும். இந்த வேலைக்கு அம்மாவின் சிரட்டைக்கரிப் பெட்டிதான் எனக்குப் பிடிக்கிறது. அதன் பாரத்துக்கே மடிப்பு படிந்துவிடுகிறது. சாம்பல் பறக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பிழைத்த பதினான்கு வரிசைகளையும் பிரித்தோம். ஒரு வரிசையில் பதினொரு தையல், மொத்தம் நூற்றைம்பத்துநான்கு. நானும் பெறாமகளும் விறாந்தையில் இருந்து மூன்று இரவு பிரித்தோம். ஓரம் பிய்ந்த சதுரங்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வெட்டினோம். மூன்று துண்டு நாடா ஒட்டிய பாதத்தில் மறுபடியும் பாதிப் பாதியாகத் தைத்தோம். இந்தமுறை யார் தைத்த வரிசை எது என்று தெரியாதபடி கலந்து விரித்தேன். மிக நீண்ட வரிசைக்கும் மிகக் குறுகிய வரிசைக்கும் இடையில் மூன்று மில்லிமீற்றர். அதை மெல்லத் தளர்த்திப் பிடித்தே பொருத்திவிடலாம், பொருத்தினேன். உள்ளே அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்றை இரட்டையாக வைத்தேன்.

வீட்டில் மின் மெசின் வைத்திருந்து, ஊசியை நகர்த்த முடியுமானால், இந்தப் பாதத்தைத் தயங்காமல் வாங்குங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே போர்வையைத் தைக்கிற இடத்துக்கு இது கட்டாயம் வேண்டும். சங்கங்களில் கூடித் தைக்கும் பெண்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். எல்லா மெசினிலும் ஒரே பாதம் பூட்டி, எல்லோரும் மூன்று பட்டி தைத்து, நடுப்பட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உடுப்பு மட்டும் தைக்கிறவர்களுக்கு இது தேவையில்லை. கறுப்பு மெசின்காரர்கள் முதலில் லாச்சியைக் கிளறி அந்த இரும்புத் தடுப்பைத் தேடுங்கள்.

போர்வை போய்ச் சேர்ந்துவிட்டது. மச்சாள் கட்டிலில் விரித்துப் படம் அனுப்பியிருந்தார். நான் படத்தைப் பெரிதாக்கி, நாலாவது வரிசையும் ஐந்தாவது வரிசையும் சேரும் சந்திகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்றும் நேரே நின்றன.